அழகின் முன்னே ஒரு சிலிர்ப்பு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

விலங்கியல் படிக்கும் மாணவனுக்கும் மேல்நாட்டு இசைக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். எனக்குச் சுரம் தெரியாது. தாளக் கணக்கு தெரியாது. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் முழங்கும் பம்பைதான் நான் அறிந்த பெரிய வாத்தியம். அப்படிப்பட்டவன் பின்லாந்து நாட்டுக் குழு ஒன்றின் இசைத்தொகுப்பைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒரு மீன்.

சென்ற பருவத் தேர்வுக்கு முந்திய இரவு, விடுதி அறையில் அமர்ந்து 'டிக்டாலிக்' என்ற பெயரை உருப்போட்டுக் கொண்டிருந்தேன். மீனுக்கும் நான்கு கால் விலங்குகளுக்கும் இடைப்பட்ட உயிரினம்; 37½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது; கனடாவின் வட கோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் 2004-இல் புதைபடிவமாகக் கிடைத்தது; ஐந்து மதிப்பெண் வினா. அதற்கு மேல் அந்த மீனுக்கும் எனக்கும் உறவு எதுவும் இல்லை. உடன் தங்கியிருந்த இயற்பியல் மாணவன் தன் காதில் இருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தான். இடி இடித்தது போலிருந்தது.

"டேய், கிரஷர்ல ஜல்லி ஒடைக்கிற மாதிரி இருக்குதுடா!" என்றேன்.

"கொஞ்சம் பொறு. உன் மீனு வரும்" என்றான்.

வந்தது. அந்தப் பேரொலியின் நடுவே ஒரு பெண்குரல், டிக்டாலிக் நீரை விட்டுத் தரையில் நடை பழகும் காட்சியைப் பாடியது. நான் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்த பெயரை ஒருவர் மகிழ்ச்சியோடு பாடவும் கூடும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

இரும்பொலியும் இசைப்பேரணியும்

அந்தப் பாடல் 'எண்ட்லெஸ் ஃபார்ம்ஸ் மோஸ்ட் பியூட்டிஃபுல்' என்னும் இசைத்தொகுப்பின் தலைப்புப் பாடல். பாடியவர்கள் 'நைட்விஷ்' குழுவினர். இவர்களது இசை வகைக்குச் சிம்ஃபனிக் மெட்டல் என்று பெயர். முதலில் அதனைச் சற்று விளக்குதல் நலம்.

மெட்டல் என்பது மின்கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, கனமான தாளத்தோடு இசைக்கும் முறை. இதன் பிறப்பிடமாகப் பலரும் சுட்டுவது இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமை. அங்குத் தகடு வெட்டும் ஆலை ஒன்றில் வேலை செய்த டோனி அயோமி என்னும் இளைஞர், வேலையை விட்டு நிற்க இருந்த கடைசி நாளில் எந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு மீண்டும் கிதார் வாசித்தார். விரல் நோகாதிருக்க மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்திக் கட்டினார். ஒலி தாழ்ந்து கனத்தது. 1970-இல் அவருடைய 'பிளாக் சபாத்' குழு வெளியிட்ட முதல் தொகுப்பிலிருந்துதான் மெட்டலின் வரலாற்றைப் பெரும்பாலோர் தொடங்குகின்றனர். ஆலைத் தொழிலாளியின் காயத்தில் பிறந்த இசை இது என்று அறிந்தபின், அதன் இரைச்சல் எனக்கு அந்நியமாகப்படவில்லை.

1990-களில் ஐரோப்பியக் குழுக்கள் சில, இந்த இரும்பொலியோடு வயலின்களும் எக்காளங்களும் சேர்ந்த இசைப்பேரணியையும், பலர் கூடிப் பாடும் பாடற்குழுவையும் இணைத்தன. இதுவே சிம்ஃபனிக் மெட்டல். எதிரெதிர்க் குணமுள்ள இரண்டு ஒலிகளை ஒரே ஏரில் பூட்டுவது எளிதன்று. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. இவ்வகை இசையைப் பற்றிய திறனாய்வுகளில் அடிக்கடி காணப்படும் குறையும் இதுவே.

நைட்விஷ் குழு 1996-இல், கிழக்குப் பின்லாந்தில் உருசிய எல்லைக்கு அருகில் உள்ள கிட்டீ என்னும் சிற்றூரில் தோன்றியது. தொடங்கியவர் விசைப்பலகைக் கலைஞர் துவோமாஸ் ஹோலோபைனன். பாடல்களில் பெரும்பகுதியை இயற்றுபவரும் அவரே. முதற்பாடகி தார்யா துருனன் 2005-இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஆனெட் ஓல்சோன் 2012-இல், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிரிந்தார். அந்த நெருக்கடியில் அவசரமாக அழைக்கப்பட்டவர் நெதர்லாந்துப் பாடகி ஃப்ளோர் யான்சன். மறு ஆண்டில் அவர் நிலையான உறுப்பினரானார். அயர்லாந்து நாட்டுத் துருத்திக் குழலை வாசிக்கும் டிராய் டொனாக்லி என்ற ஆங்கிலேயரும் அப்போதே முழு உறுப்பினரானார். தாளக் கலைஞர் யூக்கா நெவலைனன் கடுமையான தூக்கமின்மை நோயால் விலகி நிற்க, அவர் இடத்தில் கை ஹாத்தோ வாசித்தார். இத்தனை மாற்றங்களுக்கும் பின்னர் 2015 மார்ச்சு மாத இறுதியில் வெளிவந்ததே நாம் காணப்போகும் தொகுப்பு. குழுவின் எட்டாவது தொகுப்பான இதில் 11 பாடல்கள் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 79 நிமிடங்கள்.

டார்வின் தந்த தலைப்பு

இதற்கு முன்பு ஹோலோபைனன் எழுதியவை பெரும்பாலும் கனவு, கற்பனை, தேவதைக் கதை சார்ந்தவை. 2011-இல் வந்த 'இமஜினேரம்' என்னும் தொகுப்பும் அவ்வகையே. அடுத்து வந்த தொகுப்பிலோ அவர் முற்றிலும் வேறொரு திசைக்குத் திரும்பினார். எல்லையற்ற பேரழகு வடிவங்கள் என்று பொருள்படும் அதன் தலைப்பு, சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலின் கடைசி வாக்கியத்தில் வரும் சொற்களால் ஆனது. நம் துறை மாணவர்கள் டார்வின் பெயரை நூறு முறை எழுதியிருப்போம். ஆனால் அவ்வளவு பெரிய ஆராய்ச்சி நூல் புள்ளிவிவரத்தில் முடியாமல் வியப்பில் முடிகிறது என்பதை எனக்குச் சொல்லித் தந்தது இந்தப் பாட்டுத்தான்.

ஹோலோபைனன் இன்னுமொரு துணிச்சலான செயலையும் செய்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரிணாம உயிரியலார் ரிச்சர்ட் டாக்கின்ஸுக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தொகுப்பில் குரல் கொடுக்குமாறு வேண்டினார். டாக்கின்ஸ் இசைந்தார். முதற்பாடலின் தொடக்கத்திலும் கடைசிப் பாடலிலும் அவருடைய பேச்சுக்குரலைக் கேட்கலாம். கடைசிப் பாடலின் பெயரான 'தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்' என்பது 2009-இல் டாக்கின்ஸ் எழுதிய நூலின் பெயரே.

தலைப்புப் பாடல் ஒரு பின்னோக்கிய பயணம். இன்றைய மனிதனிடமிருந்து புறப்பட்டுக் காலத்தின் ஆழத்திற்குள் இறங்கிச் செல்கிறது. பேரழிவில் தப்பிப் பிழைத்த மூஞ்சூறு போன்ற சிறு பாலூட்டி வருகிறது, டிக்டாலிக் வருகிறது, சிறகுகளின் தொடக்கம் வருகிறது, கண்டங்கள் ஒன்றாக இருந்த காலத்தில் அவற்றைச் சூழ்ந்திருந்த பாந்தலாசா என்னும் மாகடல் வருகிறது, அதன் ஆழத்தில் உட்கரு கொண்ட முதற்செல்கள் வருகின்றன. நம் பாடத்திட்டத்தின் ஓர் அலகையே ஐந்து நிமிடத்தில் பாடிவிட்டார்கள் என்று சொன்னால் அது மிகையன்று.

எனினும் தொகுப்பு முழுவதும் பாடம் நடத்துவதாகக் கருதிவிடக் கூடாது. 'ஏலான்' என்னும் பாடல் வாழ்க்கையை அஞ்சாமல் வாழ்ந்து பார்க்கச் சொல்கிறது. 'மை வால்டன்' அமெரிக்கச் சிந்தனையாளர் தோரோவின் குளக்கரைக் குடிசை வாழ்வை நினைவூட்டுகிறது. காந்தியடிகள் மதித்த அதே தோரோதான். 'எடெமா ரூ' என்பது பேட்ரிக் ராத்ஃபஸ் என்னும் நாவலாசிரியரின் கதைகளில் வரும் ஊர் ஊராகச் செல்லும் கூத்தர் கூட்டத்தின் பெயர். 'அவர் டெகேட்ஸ் இன் தி சன்' பெற்றோருக்கு நன்றி கூறும் மெல்லிய பாடல். இரைச்சலான இந்தத் தொகுப்பின் நடுவே அப்பாடல் வரும்போது நான் வேறு வேலை எதையும் செய்வதில்லை.

'தி ஐஸ் ஆஃப் ஷர்பத் குலா' என்னும் பகுதியில் சொற்களே இல்லை. 1984-இல் பாகிஸ்தானில் இருந்த ஆப்கன் அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி ஒரு சிறுமியைப் படம் எடுத்தார். 1985 சூன் மாத 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழின் அட்டையில் வந்த அப்படத்தின் பச்சைக் கண்களை உலகமே கண்டது. ஆனால் அவர் பெயர் ஷர்பத் குலா என்பது 2002 வரை உலகிற்குத் தெரியாது. போரிலும் அகதி வாழ்விலும் அலைக்கழிந்த அவருக்கு 2021-இல் இத்தாலி அடைக்கலம் தந்தது. இயற்கையின் அழகைப் புகழும் தொகுப்பில், மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையை நினைவூட்டும் இடத்தில் சொற்களைக் கைவிட்டது பொருத்தமே. அறிவியல் அறிந்த இனம்தான் குண்டும் வீசுகிறது என்பதை அந்த மௌனம் மறைக்கவில்லை.

சென்னையில் படித்த ஒருவர்

தொகுப்பின் முதற்பாடல் 'ஷடர் பிஃபோர் தி பியூட்டிஃபுல்'. அழகின் முன்னே சிலிர்த்து நடுங்குவது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இத்தலைப்பின் சொற்களைத் தேடிப் போனபோதுதான் நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் வந்து நின்றேன்.

சுப்பிரமணியன் சந்திரசேகரை நாம் அறிவோம். இலாகூரில் தமிழ்க் குடும்பத்தில் 1910-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1930-இல் கப்பலேறி, 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். நம் கல்லூரியைப் போலவே மாநிலக் கல்லூரியும் அரசுக் கல்லூரியே என்பதை ஈண்டு நினைவில் கொள்ள வேண்டும். அவர் 1975-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் ஆகிய மூவரின் படைப்பாற்றலைப் பற்றி ஒரு சொற்பொழிவாற்றினார். அதில் தம் சொந்த அனுபவம் ஒன்றையும் குறிப்பிட்டார். நியூசிலாந்துக் கணித அறிஞர் ராய் கெர், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு 1963-இல் ஒரு தீர்வு கண்டார். காகிதத்தில் எழுதிய அந்தத் தீர்வு, விண்வெளியில் சுழலும் எண்ணற்ற கருந்துளைகளை அப்படியே படம் பிடிப்பது போல் அமைந்திருக்கிறது என்பதை உணர்ந்த கணம் தம்மை உலுக்கிவிட்டது என்றார். அந்த உணர்வுக்கு அவர் வழங்கிய தொடர்தான் அழகின் முன்னே சிலிர்த்தல் என்பது.

டாக்கின்ஸ் 1998-இல் எழுதிய 'அன்வீவிங் தி ரெயின்போ' என்னும் நூலில் சந்திரசேகரின் இந்தப் பேச்சை எடுத்தாண்டிருக்கிறார். வானவில்லை நிறங்களாகப் பிரித்துக் காட்டி நியூட்டன் அதன் கவிதையைக் கெடுத்துவிட்டார் என்று ஆங்கிலக் கவி கீட்ஸ் வருந்தினார் அல்லவா? அதற்கு மறுமொழியாக எழுந்த நூல் அது. நைட்விஷ் தொகுப்பின் முதற்பாடல், டாக்கின்ஸின் குரலோடு, அதே சொற்களைத் தலைப்பாகச் சூடித் தொடங்குகிறது.

தொகுப்பின் சாரம் எதுவென்று கேட்டால் நான் இதையே சொல்வேன்: அறிந்துகொள்வதால் அழகு குறைவதில்லை, கூடுகிறது. மின்மினி எவ்வாறு ஒளிர்கிறது என்று தெரிந்தவனுக்கு மின்மினி இருமடங்கு மின்மினி ஆகிறது.

இருபத்து நான்கு நிமிடத்தில் 460 கோடி ஆண்டு

கடைசிப் பாடலான 'தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்' 24 நிமிடம் நீள்கிறது. அது ஐந்து பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியின் பெயர் 'ஃபோர் பாயிண்ட் சிக்ஸ்', அதாவது 4.6. நம் கணக்கில் 460 கோடி ஆண்டுகள். தனிப் பியானோவில் மெல்லத் தொடங்கி, புவி குளிர்ந்து உருவாவதை இசைப்பேரணி சொல்கிறது. அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு திருத்தம்: விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956-இல் கண்ட வயது 455 கோடி ஆண்டுகள், இன்று ஏற்கப்படுவது ஏறத்தாழ 454 கோடி. பாட்டுக்காக ஆறு கோடியை மன்னித்துவிடலாம்.

இரண்டாம் பகுதி 'லைஃப்'. இன்றுள்ள எல்லா உயிர்களுக்கும் பொதுவான கடைசி மூதாதையான 'லூக்கா' இங்கே வருகிறது. புல்லும் புலியும் நாமும் ஒரே வேரினர் என்பதை இதைவிடக் கொண்டாட்டமாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்றாம் பகுதி 'தி டூல்மேக்கர்'. கருவி செய்யும் மனிதனின் கதை. விலங்குகளின் ஒலியில் தொடங்கி, மனிதன் கண்ட இசைகளுள் ஒன்றாகப் பாக்கின் ஆர்கன் ஒலியும் எட்டிப்பார்க்க, மனிதர்கள் இங்கு வாழ்ந்ததைப் பாடற்குழு உரக்க அறிவிக்கிறது. நான்காம், ஐந்தாம் பகுதிகளில் பேரொலி அடங்கி டாக்கின்ஸின் குரல் எழுகிறது. நாம் பிறந்ததே அரிய வாய்ப்பு என்கிறது. முடிவில் கடல் ஓசைதான் மிஞ்சுகிறது.

ஒருநாள் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 460 கோடி ஆண்டுகளை 24 நிமிடத்தில் அளவு பிசகாமல் பாடினால், ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கென்யாவில் கிடைத்த மிகப் பழைய கற்கருவிகளுக்கு வயது 33 இலட்சம் ஆண்டுகள். அந்த முதற்கல்லை உடைத்தவன் பாடல் முடிய ஒரே ஒரு வினாடி இருக்கும்போதுதான் வருவான். 3 இலட்சம் ஆண்டுகளே ஆன நம் இனத்திற்குக் கிடைப்பது வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாடலிலோ மனிதனுக்குப் பல நிமிடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பரிணாமத்தைப் பாடியவர்களாலும் மனிதனைச் சிறியவனாகப் பாட இயலவில்லை! இதனைக் குறையாகச் சொல்லவில்லை. பாடுவது மனிதன், கேட்பதும் மனிதன், வேறு என் செய்வது?

அறிஞர் அவையில்

தொகுப்பு வெளியானதும் பின்லாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் நாற்பதுக்குள் வந்தது. திறனாய்வாளர்களில் பலர் பாராட்டினர். கடைசிப் பாடலைக் குழுவின் சிகரமாகக் கருதியோர் உண்டு. டொனாக்லியின் குழலோசை இசைக்கு மண்மணம் தந்தது என்றனர். மூன்றாம் பாடகியோடு குழு மீண்டும் நிமிர்ந்து நின்றதே பெரிது என்றனர்.

குறைகளும் கூறப்பட்டன. அவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, ஃப்ளோர் யான்சனின் திறமை முழுமையாகப் பயன்படவில்லை என்பது. அவர் ஓப்பராக் குரலிலும் பாடுவார், மென்மையாகவும் பாடுவார், அடித்தொண்டையிலிருந்து உறுமவும் வல்லவர். இத்தொகுப்பிலோ பெரும்பாலும் அடக்கியே பாடுகிறார். 'யுவர்ஸ் இஸ் அன் எம்ப்டி ஹோப்' போன்ற ஓரிரு இடங்களில்தான் முழு வேகம் தெரிகிறது. இக்குறையில் உண்மை உண்டு என்றே எண்ணுகிறேன். வியப்பை மென்குரலில் பாடுவது சரியே. ஆனால் 79 நிமிடமும் ஒரே வியப்பு என்றால் காது பழகிப் போகிறது.

இரண்டாவது, நீளமும் பழக்கமும். இசைப்பேரணி கிதாரை அமுக்கிவிடுகிறது, நடுவில் உள்ள சில பாடல்கள் குழுவின் பழைய பாடல்களின் சாயலிலேயே இருக்கின்றன என்றனர். 'எடெமா ரூ'வையும் 'ஆல்பென்குளோ'வையும் கேட்டால் இதனை மறுப்பது கடினம். இனிமையானவைதாம், ஆயினும் புதியவை அல்ல.

மூன்றாவது, டாக்கின்ஸ். சமயங்களைக் கடுமையாகச் சாடுபவர் என்று பெயர் பெற்ற ஒருவரின் குரல் இசையில் எதற்கு என்று சமயப் பற்றுள்ள இரசிகர்கள் சிலர் வருந்தினர். பற்று எதுவும் இல்லாத வேறு சிலர், பாட்டுக்கு நடுவே வகுப்பெடுப்பது போல் இருக்கிறது என்றனர். குழுவோ பின்வாங்கவில்லை. 2015 திசம்பர் 19 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் கடைசிப் பாடல் முடியும் தறுவாயில் டாக்கின்ஸே மேடைக்கு வந்து தம் பகுதியை உரைத்தார். இந்நிகழ்ச்சியின் படப்பதிவு 2016-இல் வெளிவந்தது. ஓர் உயிரியல் பேராசிரியர் பேசுவதற்கு இளைஞர் கூட்டம் ஆரவாரம் செய்வதை அதில் காணலாம். நம் ஆசிரியப் பெருமக்கள் பொறாமைப்படாமல் இருக்க வேண்டும்!

இந்த மூன்றாம் குறையில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். டாக்கின்ஸின் குரல் என்னை உறுத்தவில்லை. ஆனால் 'வீக் ஃபேண்டசி' என்னும் இரண்டாம் பாடலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அது சமய வெறியை ஏமாற்று என்று சாடுகிறது. வெறியைச் சாடுவது சரியே. ஆயினும் நம்பிக்கை என்றாலே அது ஒன்றுதானா? எங்கள் வீட்டில் மூஞ்சூறு வந்தால் என் அம்மா அடிக்க விடமாட்டார். "புள்ளையாரு வாகனம், போவட்டும் விடு" என்பார். டைனோசார்கள் மடிந்த பேரழிவில் பிழைத்த மூஞ்சூறு போன்ற உயிரியை நைட்விஷ் மூதாதையாக வரவேற்கிறது. அம்மா அதே உருவத்தை வாகனமாக வணங்கி வழி விடுகிறார். காரணங்கள் வேறு, சிற்றுயிருக்குக் காட்டும் மரியாதை ஒன்று. படிப்பறிவில்லாத அம்மாவின் அந்த மரியாதையை மடமை என்று சொல்லிவிட்டுத்தான் நான் பரிணாமம் படிக்க வேண்டும் என்றால், அந்தப் படிப்பில் ஏதோ குறை இருக்கிறது. திறனாய்வாளர்கள் தொகுப்பை இந்தக் கோணத்தில் மேலும் எடை போட்டிருக்கலாம்.

காலத்தின் தீர்ப்பு வேறு விதமாகவும் வந்தது. 2017-இல் வட பின்லாந்தின் லாப்லாந்துப் பகுதியில் கண்டறியப்பட்ட ஒரு காளான் கொசுகு இனத்திற்கு ஆய்வாளர்கள் 'சயோஃபிலா ஹோலோபைனனி' என்று பெயரிட்டனர். பரிணாமத்தைப் பாடியவருக்கு உயிரினப் பட்டியலிலேயே ஓர் இடம் கிடைத்தது. எந்த இசை விருதும் இதற்கு ஈடாகுமா? ஹோலோபைனனும் இக்கருத்தைக் கைவிடவில்லை. 2020-இல் வந்த 'ஹியூமன் நேச்சர்' தொகுப்பும், 2024-இல் வந்த 'எஸ்டர்விண்ட்' தொகுப்பும் இதன் தொடர்ச்சியாக அமைந்து மூன்றும் ஒரு வரிசையாயின.

கல்லும் வயதும்

கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இதை எழுதத் தூண்டிய ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

என் தந்தையார் கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான். "என்னடா படிக்கிற?" என்று ஊரார் கேட்டால் "ஸூவாலஜி" என்பேன். அவர்களும் தலையாட்டுவார்கள். அப்பாவும் தலையாட்டுவார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் உருப்போட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சென்ற விடுமுறையில் ஒரு மாலை அந்தக் கடைசிப் பாடலை அப்பாவின் காதில் வைத்தேன். நான்கு நிமிடம் பொறுத்துக்கொண்டார். பிறகு கழற்றிவிட்டார்.

"கம்ப்ரசர் வச்சுக் குழி போடுற சத்தம் நாளெல்லாம் கேக்குறது பத்தாதா? இதுல என்னதான்டா சொல்றாங்க?"

சொன்னேன். புவி உருவானதை, முதல் உயிரை, மீன் கரையேறியதை, கல்லைக் கருவியாக்கிய மனிதனை என்று எனக்குத் தெரிந்த தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடைக்கும் கல்லைப் பற்றியும் சொன்னேன். எங்கள் பகுதிப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அவை உருவானபோது மரம் இல்லை, மீன் இல்லை, கண்ணுக்குத் தெரியும் உயிர் எதுவுமே இல்லை.

அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அத்தினி வயசா அதுக்கு?" என்றார். பிறகு தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சா கை கூசுதுடா" என்றார்.

சிகாகோவில் சந்திரசேகர் சொன்னதற்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா சொன்னதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை. அப்பா உடனே வேறொன்றும் கேட்டார்: "இதப் படிச்சா வேலை கெடைக்குமா?" அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் நான் என்ன படிக்கிறேன் என்பதை அவர் அறிந்தது அன்றுதான்.

உடன் பயிலும் நண்பர்களே! இந்த இசை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் அப்பாவுக்கே பிடிக்கவில்லை. திறனாய்வாளர்கள் கூறிய குறைகளில் பாதி எனக்கும் உடன்பாடே. ஆயினும் ஒரு செய்தியை இத்தொகுப்பு ஐயமற மெய்ப்பித்திருக்கிறது. பாடநூலில் உள்ளதைப் பாட முடியும். ஆகவே வீட்டில் பேசவும் முடியும். நீங்கள் படிக்கும் வேதியியலிலோ கணக்கிலோ பொருளாதாரத்திலோ ஒன்றையேனும், அடுத்த விடுமுறையில், உங்களைப் படிக்க அனுப்பியவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போதுதான் நமக்கும் அது முதன்முறையாகப் புரிகிறது.

பின்குறிப்பாக ஒன்று: அந்தப் பருவத் தேர்வில் டிக்டாலிக் வினா வரவில்லை. வராத அந்த ஐந்து மதிப்பெண்ணுக்காக நான் வருந்தவும் இல்லை.